கூட்டாளி இல்லாத கொள்ளைக்காரி

ஸ்டண்ட் படங்களைப் பற்றி எழுதினால் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மட்டமான படமும் சில சமயம் நல்ல கேள்வியை எழுப்பிவிடுகிறது.

அம்பத்தூரில் ஒரு கொட்டகையில் அத்தையோடு ‘ரௌடி ராணி’ பார்த்தேன். கே. எஸ். ஆர். தாஸ் இயக்கி 1970-இல் வந்த தெலுங்குப் படம். விஜயலலிதா துப்பாக்கி சுடுகிறார், தடியர்களைப் பந்தாடுகிறார். பெஞ்சு டிக்கெட்டில் ஒரே விசில். வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: “ஏண்டா, இத்தனை பேரை அடிக்கிறாளே, இவளுக்கு ஒரு சிநேகிதிகூடவா கிடையாது?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1935-இல் ‘ஹண்டர்வாலி’யில் சாட்டை சுழற்றிய நாடியா, 1937-இல் ‘மின்னல் கொடி’யில் கொள்ளைக்காரன் வேஷம் போட்ட கே. டி. ருக்மணி எல்லாரும் சூராதிசூரிகள்தாம். ஆனால் தனி ஆட்கள். ஒரு பெண்ணுக்கு வீரத்தைக் கொடுக்க நம் பட முதலாளிகள் தயங்கவில்லை. தோழமையைக் கொடுக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1968-இல் ஹெர்ஷல் கோர்டன் லூயிஸ் ‘ஷீ டெவில்ஸ் ஆன் வீல்ஸ்’ என்று சொற்பப் பணத்தில் ஒரு படம் எடுத்தார். மோட்டார் சைக்கிளில் திரியும் பெண்களின் கூட்டம் ஒன்று. ‘ஆள் தின்னிகள்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. நடிக்கத் தெரிந்தவர்களைவிட வண்டி ஓட்டத் தெரிந்தவர்களையே அவர் தேடிப் பிடித்தார். ஆகவே வண்டி ஓடுகிறது, நடிப்பு ஓடவில்லை. ரத்தமோ குடம் குடமாக. ஆண் ரௌடியின் குரூரத்தை அப்படியே பெண்ணுக்கு மாட்டிவிட்டால் அது விடுதலையாகிவிடாது. இருந்தும், பழைய காதலன் வந்து கூப்பிட்டபோது கரேன் என்ற பெண் தன் கூட்டத்தை விட்டுப் போக மறுக்கிறாளே, அந்த ஒரு கட்டத்துக்காக மற்றதையெல்லாம் மன்னித்தேன். அத்தையின் கேள்விக்குக் கடல் கடந்து கிடைத்த அரைகுறைப் பதில் அது.

முழுப் பதில் இங்கேயே இருக்கிறது. சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் நின்று பாருங்கள். ஷிப்டு முடிந்த பெண்கள் ஸ்கூட்டரில் இருவர் இருவராக, சிரித்துப் பேசிக்கொண்டு, ஆவடிப் பக்கமும் பூந்தமல்லிப் பக்கமும் போகிறார்கள். யாரையும் அடிக்கவில்லை, யாருக்கும் பயப்படவுமில்லை. அவர்களைப் பற்றி ஒரு படம் வந்தால், இன்று இல்லாத அத்தைக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்க நான் தயார்.