லேடாங் மலையும் மலேசிய அருவ ஓவியமும்

ஜொகூரின் வடமேற்கு எல்லையில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலைக்கும் மலேசிய அருவ ஓவியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதே மாநிலத்தின் யோங் பெங் நகரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலை அது. நடுவே செம்பனையும் பால்மரமும் பரந்து கிடக்கின்றன. கதைப்படி, இம்மலையில் வாழும் இளவரசியை மணக்க விரும்பினார் மலாக்கா சுல்தான் மஹ்மூட். அவளோ மலாக்காவிலிருந்து மலைவரை பொன் பாலமும் வெள்ளிப் பாலமும் கேட்டாள். ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம் கேட்டாள். கடைசியில் இளவரசனின் இரத்தத்தையும் கேட்டாள். மனிதன் தொட முடியாத மலை என்பதைத்தான் மலாய்க் கதை இப்படிச் சொல்கிறது.

அந்தக் கதையைக் காட்சிகளாக வரையாமல், மலையின் ஆற்றலை வண்ணமாக்கியவர் சையத் அகமட் ஜமால். 1929-ல் மூவாரில் பிறந்தவர். லண்டன் செல்சி கலைப் பள்ளியில் பயின்று 1950களின் நடுவில் நாடு திரும்பியவர். 1959-ல் அவர் வரைந்த ‘உம்பான்’ ஓவியத்தில் தூரிகையின் வேகமே முன்னால் நிற்கிறது. அமெரிக்காவில் அப்போது ஓங்கியிருந்த அருவ வெளிப்பாட்டுப் பாணியை அவர் அயல்சரக்காகக் கருதவில்லை. கையின் ஓட்டத்திலேயே உணர்ச்சியைப் பதிக்கும் அம்முறை, எழுத்தணிக் கலையில் ஊறிய மலாய் மனத்துக்கு இயல்பானது என்பது அவர் வாதம். பின்னர் லேடாங் வரிசை ஓவியங்களில் வேகம் அடங்கி வடிவம் எழுந்தது. மலை ஒரு முக்கோணமாகச் சுருங்கியது. சுருங்கச் சுருங்க அதன் கனம் கூடியது. அவருடைய மிகச் சிறந்த சாதனை இதுவே எனலாம். 1986-ல் கோலாலம்பூரில் எழுந்த அவருடைய ‘புஞ்சாக் பூர்ணாமா’ சிற்பம் 2016-ல் இடிக்கப்பட்டது மலேசியக் கலைக்குப் பெரும் இழப்பு.

1967-ல் ‘குரூப்’ கண்காட்சியில் சையத் அகமட் ஜமால் உட்படக் கலைஞர் எழுவர் ஒன்றுகூடினர். அவர்களில் யோ ஜின் லெங், 1963-லேயே நெல்வயலை வண்ணப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டியிருந்தார்.

எழுவரில் லத்திப் மொகிதினின் வழி தனித்தது. நெகிரி செம்பிலானின் லெங்கெங்கில் 1941-ல் பிறந்து பெர்லினில் பயின்ற இவர், 1960களில் ‘பாகோ பாகோ’ வரிசையை வரைந்தார். அதில் முளை கோபுரமாகிறது, கோபுரம் கிளிஞ்சலாகிறது, முள்ளும் கூரையும் ஒரே தண்டிலிருந்து கிளைக்கின்றன. செடி எங்கே முடிகிறது, மனிதன் கட்டியது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க இயலாது. இயற்கையோடு மனிதனுக்குள்ள உறவை இவ்வளவு நேராகச் சொன்ன ஓவியங்கள் இவ்வட்டாரத்தில் மிகக் குறைவு. கவிஞராகவும் புகழ்பெற்ற இவரின் இந்த வரிசை 2018-ல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் காட்டப்பட்டது.

ஓவியன் தன் உணர்ச்சியையே பெரிதாக எண்ணுவதை 1974-ல் மலேசியக் கலைஞர்களான ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கேள்விக்குள்ளாக்கினர். ஆயினும் அருவ ஓவியம் ஓய்ந்துவிடவில்லை. 1950-ல் ஜொகூரில் பிறந்த யூசோப் கனி, நடன அசைவைக் கோடுகளாக்கிய ‘தாரி’ வரிசைக்குப் பின், பசுமையையே பொருளாகக் கொண்ட ‘ஹிஜாவ்’ வரிசைக்கு வந்தார்.

மலேசியாவுக்கு வெளியே, சென்னையில், அருவத்தை நோக்கிய இதே தேடலைக் கொண்டிருந்தவர் அச்சுதன் கூடல்லூர் (1945–2022). கேரளத்தின் நிளா நதிக்கரையிலிருந்து வந்த கட்டுமானப் பொறியாளர். உருவங்களில் தொடங்கி, நிறம் மட்டுமே மிஞ்சும்வரை போனவர்.

மேற்சொன்ன மலேசிய ஓவியர்கள் மலையைத் தொட்டார்கள். வயலையும் காட்டையும் தொட்டார்கள். யோங் பெங் வட்டாரத் தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த பால்மரத் தோட்டம் அவ்வரிசையில் இல்லை. பட்டையில் சரிவாக இறங்கும் வெட்டுக்கோடு, மங்கில் சொட்டும் வெண்பால், விடியலுக்கு முந்தைய இருட்டில் நீளும் நிரைகள் ஆகியவை அருவ ஓவியத்துக்கு எல்லா வகையிலும் ஏற்ற பொருள்கள்.