பயிற்றுநருக்கும் பட்டறை வேண்டும்

டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் கைகோத்து, 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 'தொழில் 4.0' மையங்களாக மாற்றும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. மதிப்பு ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய். ஃபிட்டர், டர்னர் பிரிவுகளில் சேர்பவர்களில் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் பலர். அவர்கள் ரோபோவையும், கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தையும் தொட்டுப் பழக முடிகிறது என்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த இயந்திரத்தின் அருகில் நின்று சொல்லிக்கொடுப்பவர் தொழிற்சாலையைக் கடைசியாக எப்போது பார்த்தார்?

இதற்கு விடையாகத்தான் ஆசிரியர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் வழக்கம் வந்திருக்கிறது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சில மைக்ரான் பிசகினால் ஒரு தொகுதி முழுவதும் ரிஜெக்ட் ஆவதைக் கண்ணால் கண்டவர், மைக்ரோமீட்டரைப் பிடிக்கச் சொல்லித்தரும் விதமே வேறு. டூல் தேய்ந்தால் சத்தம் எப்படி மாறும், ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆப்பரேட்டரிடம் எதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பவையெல்லாம் பாடநூலில் கிடைப்பதில்லை. கோவையில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், கல்வி நிலையத்தையும் பம்பு, மோட்டார் உற்பத்தியையும் ஒரே வளாகத்தில் வைத்தது. கற்பிப்பதும் செய்வதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய யோசனை அல்ல.

குறை, நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் முடிந்துவிடுகின்றன. முதல் நாள் வரவேற்பு, நடுவே ஆலையைச் சுற்றிக்காட்டல், கடைசி நாள் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவும். ஜாப் செட்டிங், அதாவது வேலைப்பொருளை இயந்திரத்தில் சரியாகப் பொருத்தி அமைக்கும் கையைத் தராது. உற்பத்தி இலக்கோடு ஓடும் நிறுவனம், முன்பின் தெரியாத ஒருவரை நம்பி இயந்திரத்தைக் கொடுக்கத் தயங்குவதும் இயல்பே. சீனாவில் தொழிற்கல்வி ஆசிரியர் ஐந்தாண்டுக்குள் மொத்தம் ஆறு மாதமாவது நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்று 2016இல் விதி வகுத்தார்கள். இங்கே 2016இல் வந்த இருமுறைப் பயிற்சித் திட்டம் மாணவரை மாதக்கணக்கில் தொழிற்சாலைக்கு அனுப்புகிறது. அவருக்குக் கற்றுத்தருபவரை நிலையத்திலேயே விட்டுவிடுகிறது. இது எனக்குப் பெரிய முரணாகப் படுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரத்தைத் தரும் நிறுவனமே பயிற்சியும் தரும்போது, ஆசிரியர் அந்த ஒரு இயந்திரத்தின் பொத்தான்களை மட்டும் கற்றுத் திரும்பும் அபாயம் இருக்கிறது. மாணவர்களில் பலர் வேலைக்குப் போவதோ அம்பத்தூர், பீளமேடு போன்ற இடங்களின் சிறு பட்டறைகளுக்கு. அங்கே பழைய லேத்தும் ஓடும், இரண்டாம் கையாக வாங்கிய சி.என்.சி.யும் ஓடும்.

வகுப்பறைத் தொழில்நுட்பத்தையும் ஆசிரியரின் தொழிற்சாலை அனுபவத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். வெல்டிங் சிமுலேட்டரில் எத்தனை முறை தவறினாலும் தகடும் வீணாகாது, கண்ணும் கெடாது. சி.என்.சி. நிரலைத் திரையில் ஓட்டிப் பார்த்தால் டூல் மோதி உடைவதை முன்கூட்டியே தடுக்கலாம். தொடக்கப் பயிற்சிக்கு இவற்றைவிட நல்லது இல்லை. ஆனால் வெப்பமும் அதிர்வும் திரையில் வராது. எந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டு மாணவரை நிஜ இயந்திரத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று முடிவுசெய்ய, அந்த வேலையைத் தானே செய்த அனுபவம் ஆசிரியருக்கு வேண்டும். அது இல்லாதவர் கையில் ஸ்மார்ட் போர்டு, பழைய குறிப்பேட்டைப் பெரிதாகக் காட்டும் பலகையாகவே நின்றுவிடும்.

ஆகவே அரசு செய்ய வேண்டியது இது: மூன்றாண்டுக்கு ஒருமுறை, முழுச் சம்பளத்துடன், குறைந்தது மூன்று மாதம் ஒவ்வொரு பயிற்றுநரையும் உற்பத்திப் பணிக்கு அனுப்புங்கள். அதில் ஒரு மாதம் சிறு பட்டறையில் கழியட்டும். அவர் இல்லாத நாட்களில் வகுப்பை நடத்த மாற்று ஆளையும், ஆசிரியருக்கு இடம் தரும் சிறு முதலாளிக்கு ஊக்கத்தொகையையும் அதே ஆணையிலேயே ஒதுக்குங்கள்.