சேக்கிழார் காட்டும் வணிக நெறி

பொருளீட்டும் நெறி வேறு, அருள்நெறி வேறு. ஈட்டும் முறை எவ்வாறாயினும் ஈட்டியதில் ஒரு பங்கைத் திருக்கோயிற்கும் அடியார்க்கும் உதவினால் அமையும். அச்சிவபுண்ணியம் ஏனைக் குற்றங்களைப் போக்கிவிடும் என்று கூறுவார் சிலர் உளர். அன்னார் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவது திருத்தொண்டர் புராணத்தையே. ஆதலின், சேக்கிழார் பெருமான் திருவாக்கில் அக்கொள்கைக்கு இடம் உண்டோ இல்லையோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

1133 முதல் 1150 வரை அரசு புரிந்த இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராய் விளங்கியவர் சேக்கிழார் என்பது மரபு. நாட்டின் வரவும் செலவும் அறிந்த அப்பெருமான், பழையாறை வணிகராகிய அமர்நீதி நாயனாரை அறிமுகஞ் செய்யுமிடத்து, அவர்தம் பொன்னும் முத்தும் மணியும் துகிலும் வாணிக வழியால் வந்த வளம் என்பதை முதற்கண் தெரித்துப் பின்னரே அவர்தம் தொண்டினைக் கூறுகின்றார். செல்வத்தின் அளவைக் கூறி அமையாது, அது வந்த வழியையும் கூறுதல் கருதத்தக்கது.

இனி, இறைவன் பிரமசாரியாய் வந்து அந்நாயனாரிடம் வேண்டியது யாது? பொன்னன்று, பூமியன்று, ஒரு கோவணத்தை வைத்திருந்து மீட்டுத் தருக என்பதே. அடைக்கலப் பொருளைக் காத்தல் வணிகர்க்கு உயிர்நாடியாகிய அறமாகும். அப்பொருள் மறைந்தபோது நாயனார் வேறு நல்ல கோவணம் தர முற்பட, வந்தவர் வெகுண்டுரைத்த மொழி இப்புராணத்தின் மருமமான இடம். நாள்தோறும் கோவணம் கொடுப்பார் என்று உலகில் பேர்பரப்பியது பிறர் கோவணத்தைக் கவர்தற்கோ, இவ்வாணிகம் உமக்கு அழகிது என்னும் கருத்துப்பட இகழ்கின்றார். கொடையை முன்னே விரித்துக் கொள்ளையைப் பின்னே மறைக்கும் வஞ்சம் உலகத்தில் உண்டு என்பதனைச் சேக்கிழார் நன்கறிந்தே இறைவன் வாயில் இவ்வையத்தை வைத்தார் என்க. கொடையாளர் எனப் பெயர் பெற்றமை ஒன்றே ஒருவரது நேர்மைக்குச் சான்றாகாது.

நாயனார் அதற்குச் சினந்தாரல்லர். தாம் செய்த தொண்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினாருமல்லர். துலையை நாட்டினார். எதிர்த்தட்டில் தம்பால் உள்ள பொருள் அனைத்தும் ஏறியும் நிறை ஒவ்வாமையின், ஈற்றில் மனைவியாரோடும் மகனாரோடும் தாமே ஏறினார். ஏறுமுன் திருநீற்று நெறியில் பிழையாமையையே ஆணையாக வைத்தார். தட்டு ஒத்தது. பிறர் பொருளை நிறுத்த கோலிலே தம்மை நிறுக்க ஒருப்படுதலே வணிகர்க்குரிய தவம். அத்துலையே விமானமாகி அவரைச் சிவலோகம் சேர்த்தது. அவருக்கு வீடளிக்க இறைவன் கடையை விட்டு வெளியேறச் சொல்லவில்லை என்பது உய்த்துணர்க.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததும் இக்கருத்தையே வலியுறுத்தும். பஞ்ச காலத்தில் இறைவன் அளித்த காசுகளுள் திருஞானசம்பந்தர் பெற்றது வாசி உடையதாயிற்று. அதனை மாற்றிப் பண்டம் கொள்ளக் காலம் தாழ்த்தது. இறைவன் தந்த காசாயிற்றே, குறையாது ஏற்றுக்கொள்க என்று பிள்ளையார் வணிகரை வற்புறுத்தினாரல்லர். வாசி தீர்ந்த காசு தருமாறு இறைவனையே பாடி வேண்டினார். திருவாரூர்க் குளத்தில் எடுத்த பொன்னும் திருமுதுகுன்றத்தில் வெட்டிவைத்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கப்பட்டது. மாற்றுக் குறைந்தமையின் நம்பியாரூரர் மீண்டும் பாடினார். அருளால் வந்த பொன்னும் உரைகல்லுக்கு விலக்காகாதபோது, பொய்யால் வந்த பொன் உண்டியலில் விழுந்த அளவில் மாற்றுயரும் என்பது யாங்ஙனம்?

அற்றேல், மூர்க்க நாயனார் சூதாடிப் பெற்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்தாரன்றோ எனின், அதனை மறைத்தல் வேண்டா. முதற்சூதில் தோற்றுப் பின்னர் வென்றதும், தோற்ற பொருளைத் தர மறுத்தாரைச் சுரிகையாற் குத்தியதும் புராணத்துள்ளனவே. ஆயின், சூதில் வந்த பொருளை அவர் தம் கையால் தீண்டாமல் அமுதாக்குவோரே கொள்ளச் செய்தார் என்றும், அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார் என்றும் சேக்கிழார் விதந்து கூறுகின்றார். அவர்பால் யான் எனது என்னும் பற்று எஞ்சவில்லை. கலப்படம் செய்து பெற்றதில் பெரும்பங்கைப் பெட்டியில் வைத்துச் சிறுபங்கைக் கோபுரத்துக்கு ஈந்து, கல்லில் தம் பெயரும் பொறிப்பார்க்கு அவ்வரலாறு துணையாதல் எவ்வாற்றானும் பொருந்தாது. திருவொற்றியூர்க் கலிய நாயனாரோ, திருவிளக்கிடும் பொருட்டுச் செல்வம் ஒழிந்தபின் சுற்றத்தாரின் எண்ணெயை வாங்கி விற்றுக் கூலிகொண்டார். அதுவும் தடைப்பட்டபின் பிறர் செக்கில் கூலிக்கு உழைத்தார். தேவை எத்துணைத் தூயதாயினும் வழி வழுவவில்லை.

ஒன்று கூறாதொழிதல் நடுநிலையாகாது. கொள்வாரும் கொடுப்பாரும் விலைபேசும் முறை, கொள்ளத்தகும் இலாபத்தின் அளவு முதலியவற்றைச் சேக்கிழார் வகுத்துரைத்தாரில்லை. அவற்றை நாடுவார் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தை நாடுதலே முறை. புராணம் தருவது விதியன்று, அவ்விதியைக் காக்கும் உள்ளமாகும்.

அவ்வுள்ளத்தின் இன்றியமையாமை இக்காலத்தும் விளங்கும். 2013-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம், குறித்த அளவிற்கு மேற்பட்ட கம்பெனிகள் முன் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமுதாய நலத்திற்குச் செலவிடல் வேண்டும் என விதிக்கின்றது. நல்லதே. ஆயினும் அவ்விதி நூற்றில் இரண்டினைப் பற்றியது. சைவ சித்தாந்தத்தின் வினைக்கொள்கையோ நூறும் வந்த வழியைப் பற்றியது. மனம் வாக்குக் காயங்களாற் செய்த வினை செய்தவனையே சாரும் என்பது சித்தாந்தம். அதனைப் பங்கிட்டு விற்றல் இயலாது. திருநீறணிந்த நெற்றியோடு கோல் பிடிக்கும் கை, கோயிலிற் குவியும் கையே என்பதனை மறவாதார்க்கே அமர்நீதியார் வரலாறு பயன்படும்.

திருச்சிற்றம்பலம்.