கதைக் கரு

தபன் சின்ஹா டைரக்ட் செய்த 'ஏக் டாக்டர் கி மௌத்' (1990) என்ற ஹிந்திப் படத்தைப் பாராட்டாதவர்கள் இல்லை. எனக்கும் பிடித்த படந்தான். ஆனாலும் அதன் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் வாழ்க்கைதான் அதற்கு மூலம். ரமாபத சௌதுரியின் 'அபிமன்யு' என்ற வங்காளக் கதை வழியாக அது திரைக்கு வந்தது. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன் பிறந்தாள். பத்தே வாரங்களில், அக்டோபர் 3-ந் தேதி, முகர்ஜியின் முயற்சியால் 'துர்க்கா' பிறந்தாள். இதில் ஒரு விசேஷம் உண்டு. உடலுக்கு வெளியே உருவான கருவை முகர்ஜி உறைய வைத்துக் காப்பாற்றி, பிறகுதான் தாயின் கருப்பையில் சேர்த்தார். அப்படி உறைந்த கருவிலிருந்து மெல்போர்னில் குழந்தை பிறந்தது 1984-ல்தான். மேற்கு வங்க சர்க்கார் அமைத்த குழுவோ அவரை நம்பவில்லை. 1981 ஜூனில் மனிதர் தற்கொலை செய்துகொண்டார்.

படத்தில் டாக்டர் கண்டுபிடிப்பது குஷ்டரோகத் தடுப்பு மருந்து! கரு போயே போய்விட்டது. பங்கஜ் கபூர் பிரமாதமாக நடிக்கிறார். மேலதிகாரிகளின் பொறாமையும் கிராமத்துக்கு மாற்றலும் நெஞ்சைப் பிசைகின்றன. குஷ்டரோக மருந்து என்றால் பார்ப்பவர்கள் எல்லாரும் டாக்டர் கட்சிதானே? யோசிக்க என்ன இருக்கிறது?

கரு அப்படியல்ல. இன்று அது நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது மனைவி. உத்தியோகம், வீட்டுக் கடன். குழந்தை ஐந்து வருஷம் கழித்து என்கிறாள். அதற்குள் அவளுடைய முட்டைக்கு வயது ஏறிவிடும். மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கும் கருவுக்கு ஏறாது. வைத்துவிட வேண்டியதுதானே? ஆனால் முட்டையாக வைத்தால் அது அவளுடையது. கருவாக வைத்தால் இருவருடையது. நாளைக்கு ஒருவர் மனம் மாறினால்? உறைய வைத்ததெல்லாம் பிள்ளையாகும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளை பிறந்து, போதும் என்றான பிறகு மிஞ்சுகிறவற்றை என்ன செய்வது? 2021-ம் வருஷத்துச் சட்டம் பத்து வருஷம் வரை வைத்திருக்க அனுமதிக்கிறது. பிறகு அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்ற கை இந்தக் கையெழுத்தை எப்படிப் போடும்?

கரு படத்தில் இருந்திருந்தால் இத்தனை கேள்விகளும் இல்லாவிட்டாலும், ஒரு பாத்திரமாவது உள்ளே வந்திருக்கும்: துர்க்காவின் தாய். உறைய வைக்கும் காரியத்தை அவளுக்கு யாராவது விளக்கினார்களா, அவள் என்ன நினைத்தாள் என்று சரித்திரமும் அதிகம் பேசவில்லை. அந்த இடைவெளிதானே கதாசிரியனுடைய பூமி! அதை விட்டுவிட்டு, ஷபானா ஆஸ்மி போன்ற ஒரு நடிகைக்கு, கணவனுக்காகக் கவலைப்படும் வேலையைத்தான் பெரும்பாலும் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்றால், பொல்லாத அதிகாரி எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். அவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாதிக் கதை தானே நடக்கும். கருவைச் சேமிப்பதா வேண்டாமா என்று இரவு பதினோரு மணிக்குப் புருஷனும் பெண்சாதியும் தாழ்ந்த குரலில் பேசுவதில் வில்லன் கிடையாது. இரண்டு பேருமே நல்லவர்கள். அதை எழுதுவது கஷ்டம். ஆனாலும், கருவைப் பாதுகாப்பதற்கான வருஷாந்தரக் கட்டணச் சீட்டு தபாலில் வந்து மேஜை மேல் பிரிக்கப்படாமலே கிடக்கிற ஒரு வீட்டைப் பற்றி யாராவது நாவல் எழுதினால், முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.