ஹெட் கிராக்: பட்டறையின் திறனும் பாராமுகமும்

தென்சென்னைப் புறநகரில் டீசல் இன்ஜினுக்குக் குறைவில்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபின் தெற்கே போகும் பஸ்கள் இங்கிருந்தே கிளம்புகின்றன. மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஜல்லி ஏற்றும் டிப்பர்கள், மண் அள்ளும் இயந்திரங்கள், அடுக்குமாடிகளின் ஜெனரேட்டர்கள் தனி. இவற்றில் ஒன்று 'தண்ணி குடிக்க' ஆரம்பித்தால், பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் பட்டறைக்கும் லேத்துக்கும் வேலை வந்துவிடும். சிலிண்டர் ஹெட்டில் விழுந்த விரிசலைக் கண்டுபிடித்து ஒட்டித் தரும் இந்தத் தொழில், கைவேலையில் கெட்டி, நோயறிவதில் அவசரம், காரணம் தேடுவதில் அலட்சியம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: வேலை மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கிறது, பொறுப்பு ஒருவரிடமும் இல்லை.

ஹெட் ஏன் விரிகிறது? அதன் அடிப்பக்கம் ஏறத்தாழ 2000 டிகிரி வரை எட்டும் எரிவாயுவைப் பார்க்கிறது. சில மில்லிமீட்டர் தூரத்தில், உலோகத்துக்கு மறுபுறம், 90 டிகிரித் தண்ணீர் ஓடுகிறது. இன்லெட் வால்வுக்கும் எக்சாஸ்ட் வால்வுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான பாலம்தான் இந்த இழுபறியில் முதலில் தோற்கும் இடம். அடுத்தது, வால்வு சீட்டுக்கும் இன்ஜெக்டர் துளைக்கும் இடைப்பட்ட பகுதி. அலுமினிய ஹெட் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். 600 மில்லிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. வார்ப்பிரும்பு அதில் பாதிதான். கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட் என்ற இன்ஜினில் இந்த வித்தியாசத்தை போல்ட்டுகளும் கேஸ்கட்டும்தான் தாங்கியாக வேண்டும்.

இதோடு உள்ளூர்த் தண்ணீரும் சேர்கிறது. புறநகரின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பு, கடினம். கூலண்ட் ஊற்ற வேண்டிய ரேடியேட்டரில் அதையே ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வாட்டர் ஜாக்கெட்டுக்குள் படியும் சுண்ணாம்புப் படலம், வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. வெளியே தொட்டால் சூடு அளவாகத்தான் தெரியும். வால்வுப் பாலமோ உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

பட்டறையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொல்வார். தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே குமிழி வந்தால், அது கொதிப்பல்ல, சிலிண்டரிலிருந்து தப்பிய வாயு. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பார். டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்துக்கு மாறியிருக்கிறதா, வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வருகிறதா என்று பார்ப்பார். செலவில்லாத இந்தச் சோதனைகள் எல்லாம் பொறியியல்படி சரியானவை. பாடப்புத்தகமும் இங்கிருந்துதான் தொடங்கும்.

ஆனால் பட்டறை பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறது. குமிழி வந்தால் "ஹெட்டைக் கழட்டிடலாம்ணே" என்பதுதான் அடுத்த வாக்கியம். குமிழிக்குக் காரணம் ஹெட் மட்டுமல்லவே. கேஸ்கட் எரிந்திருக்கலாம். லைனரின் வெளிப்புறம் அரித்து ஊசித்துளை விழுந்திருக்கலாம். இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள செம்பு ஸ்லீவ் கசியலாம். ஏர் பிரேக் உள்ள வண்டியில், தண்ணீரால் குளிரும் வகை ஏர் கம்ப்ரெசரின் சிறிய ஹெட் விரிந்தாலும் காற்று நேராக ரேடியேட்டருக்குத்தான் வரும். கம்ப்ரெசருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸ்களைப் பிரித்து அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பெரிய ஹெட்டை இறக்குவது ஒரு நாள் வேலையையும் ஒரு செட் கேஸ்கட்டையும் வீணாக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ்.-6 வண்டிகளில், இன்ஜினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அது உள்ளுக்குள் கசிந்தால் தண்ணீர் குறையும், வெள்ளைப் புகை வரும், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. அறிகுறியை மட்டும் வைத்து இதை ஹெட் கிராக்கிலிருந்து பிரிக்க முடியாது. ஆயிலில் தண்ணீர் கலக்காமல் தண்ணீரில் ஆயில் மிதந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஆயில் கூலரை.

ஹெட் ஆட்டோவில் ஏறி லேத்துக்குப் போனதும் இரண்டாவது கை தொடங்குகிறது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசல் கோடாகத் தெரியும். மலிவான நல்ல முறைதான். என்றாலும் விரிசல் மேலோட்டமா, தண்ணீர்ப் பாதை வரை போயிருக்கிறதா என்று அது சொல்லாது. வால்வுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் உள்ள ஹெட்டுகள் பல வருடம் கசியாமல் ஓடுவதும் உண்டு. சில வகை ஹெட்டுகளில் குறிப்பிட்ட நீளம் வரை தயாரிப்பாளர்களே அதை அனுமதிக்கிறார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரிந்த கோடெல்லாம் குற்றவாளி அல்ல. முடிவைச் சொல்ல வேண்டியது பிரஷர் டெஸ்ட். தண்ணீர்த் துளைகளைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, சுடுதண்ணீரில் முக்கிப் பார்ப்பது. இதில் 'சுடு' என்பதுதான் உயிர்நாடி. உலோகம் விரியும்போது மட்டுமே வாய் திறக்கும் கிராக், பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் சாதுவாக இருக்கும். அவசர வேலையில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சூடுதான்.

ஒட்டும் வேலையில் நம் கைகளின் திறமை உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. வார்ப்பிரும்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் கார்பன் இருப்பதால், வெல்டிங் சூடு பட்டு வேகமாக ஆறிய இடம் கண்ணாடிபோல் கடினமாகி, ஓரத்திலேயே மறுபடி விரியும். அதனால் தேர்ந்த வெல்டர் விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு, நடுவே வி வடிவில் வெட்டி, நிக்கல் ராடால் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் சுத்தியால் தட்டி ஆறவிடுவார். அல்லது முழு ஹெட்டையும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவைப்பார். வெல்டிங்கே இல்லாமல் உலோகச் சாவிகளாலும் திருகாணிகளாலும் தைக்கும் மெட்டல் லாக் முறை 1930-களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில் பிறந்தது. சூடே படாததால் உலோகம் கோணுவதில்லை. தடிப்பான சுவர்களுக்கு அது மிகப் பொருத்தம். ஒடுக்கமான வால்வுப் பாலத்தில் அதற்கு இடம் போதாது. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங். அதில் ஒட்டு நின்றாலும், சுற்றியுள்ள பகுதி தன் கடினத்தை இழந்து மெத்தென்றாகிவிடும் என்பதைச் சொல்லி வேலையை ஏற்பவர்கள் குறைவு.

பிறகு பேசிங், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது. நேர்கோட்டு அளவுகோலையும் ஃபீலர் கேஜையும் வைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் மட்டும், குறைந்த அளவு சீவ வேண்டும். 'வந்த ஹெட்டுக்கு ஒரு கட்' என்ற வழக்கம் டீசலுக்கு ஆபத்து. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளியே பல இன்ஜின்களில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். இரண்டு முறை சீவிய ஹெட்டில் வால்வு பிஸ்டனை முத்தமிட்டால், அந்தப் பழி புதிதாக வந்த மெக்கானிக் தலையில் விழும்.

மூன்றாவது கை, திரும்பி வந்த ஹெட்டை மாட்டுபவர். பெரிய ஓட்டை இங்கேதான். ஹெட் ஏன் விரிந்தது என்று கேட்க வேண்டியவர் இவர். ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் கிளட்ச், ஒழுகும் இன்ஜெக்டர், வாட்டர் பம்ப் என்று பார்ப்பதற்குப் பதிலாக, சூட்டுக்குக் கைவைத்தியமாகத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதே வழக்கம். பைபாஸ் வழியையும் அந்த வால்வே மூடும் இன்ஜின்களில், அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும். சூடு குறையாது, கூடும். ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட்டுகளை மறுபடியும் பயன்படுத்துவது, டார்க் ரெஞ்சு இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது எல்லாம் இந்தக் கட்டத்தின் பாவங்கள்.

லேத்காரர் வண்டியைப் பார்ப்பதில்லை, மெக்கானிக் டெஸ்டைப் பார்ப்பதில்லை, முதலாளி இரண்டையும் பார்ப்பதில்லை. ரத்தம் எடுப்பவரும் மருந்து கொடுப்பவரும் பேசிக்கொள்ளாத ஆஸ்பத்திரி மாதிரி. அவரவர் வேலையையே நாள் முழுக்கச் செய்வதால்தான் அவரவர் கை தேர்ந்தது என்பதும் உண்மை. இந்தப் பிரிவினையின் வரமும் சாபமும் ஒன்றே.

கம்பெனி சர்வீஸில் புது ஹெட் போட்டுவிடுவார்கள், அதுதான் சரி என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. உத்தரவாதம் கிடைக்கும், போல்ட்டும் புதிதாக வரும். ஆனால் உற்பத்தி நின்றுபோன இன்ஜினுக்குப் புது ஹெட் எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டையில் வாங்கும் பழைய ஹெட்டும் டெஸ்ட் செய்யாதவரை இன்னொருவரின் கிராக்தான். அடைத்த ரேடியேட்டரோடு ஓடினால் புது ஹெட்டும் விரியும். அதனால் ஒட்டும் தொழிலைக் கைவிடச் சொல்வதில் நியாயமில்லை.

பழி முழுவதும் பட்டறைக்கும் அல்ல. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் டிரிப் காசுக்காக ஓட்டும் டிரைவர், ஹெட்டுக்குச் செலவழித்துவிட்டு ரேடியேட்டர் கிளீனிங்குக்குப் பேரம் பேசும் முதலாளி, இருவருக்கும் பங்குண்டு. காரணம் தேடும் வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை. கூலி இல்லாத வேலை நடப்பதுமில்லை.

திருத்தம் பெரிய முதலீடு கேட்பதல்ல. லேத் பில்லில் மூன்று வரி கூடினால் போதும்: விரிசல் எந்த இடத்தில், ஒட்டிய பிறகு எத்தனை டிகிரியில் எவ்வளவு அழுத்தத்தில் டெஸ்ட் செய்தது, எத்தனை மில்லிமீட்டர் சீவியது. மெக்கானிக் நான்காவது வரியாகச் சூட்டின் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த நான்காவது வரிக்கும் சேர்த்துக் காசு கொடுக்க முதலாளி தயாராக இருந்தால், ஒட்டிய ஹெட் நிற்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வெல்டிங்கும் அடுத்த வெல்டிங்குக்கு முன்பணம்தான்.