செயலியைப் பழக்கினால் போதுமா?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் நாடு முழுவதற்கும் பொதுவாகக் கிடைத்தன. ஆனால் கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட, தெரணியகல, யட்டியாந்தோட்டப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்குத் தன் வகுப்புப் பிள்ளையைத் தேடிப் பிடிக்கக் கைகொடுத்தது வாட்ஸ்அப் குழு. அந்த அவசரத்தில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிகள் இன்று, நேர்வகுப்பையும் இணையவழியையும் இணைக்கும் ‘கலப்புக் கற்றல்’ என்ற பெயரில் தொடர்கின்றன. அவற்றால் விளைந்தது என்ன, விடுபட்டது என்ன என்று நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் இது.

வரவுப் பக்கம் சிறியதல்ல. கணினியைத் தொடத் தயங்கிய மூத்த ஆசிரியர்களும் குரல் பதிவு அனுப்பவும், சூமில் வகுப்பு நடத்தவும், கூகுள் படிவத்தில் வினாக் கொடுக்கவும் பழகினார்கள். வினாத்தாள்கள் ஒரு பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைக்காத சிறிய தோட்டப் பாடசாலைக்கு, வேறிடத்து ஆசிரியரின் பதிவு செய்த பாடம் உண்மையிலேயே பெரிய உதவி. நேரலை வகுப்பைத் தவறவிட்ட பிள்ளை அதை இரவில் இரண்டாம் முறை கேட்கலாம்.

குறை, பயிற்சி எதைச் சுற்றி அமைந்தது என்பதில் இருக்கிறது. ஒரு நாள் செயலமர்வில் செயலியை இறக்குவது, திரையைப் பகிர்வது, இணைப்பை அனுப்புவது எல்லாம் வரும். பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது, அதற்கு இந்தக் கருவி எப்படிக் கைகொடுக்கும் என்ற பேச்சு வருவதில்லை.

தரம் 7 பின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1/2உடன் 1/3ஐக் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் பலர். வகுப்பறையில் ஆசிரியர் கொப்பியை எட்டிப் பார்த்த கணமே பிழை பிடிபடும். வாட்ஸ்அப்பில் அதே விடை இரவு ஒன்பது மணிக்கு மங்கலான படமாக வருகிறது, இன்னும் முப்பது படங்களோடு. ஆசிரியர் விரலால் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறார். பிள்ளைக்குப் பிழை என்று தெரியும். ஏன் பிழை என்று தெரியாது. ‘பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை பாதியைவிடக் குறையுமா? யோசித்து உன் குரலில் பதில் அனுப்பு’ என்று ஒரு நிமிடக் குரல் பதிவு போயிருந்தால் கதை வேறு. இதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. இப்படி ஒரு கேள்வியை யோசிக்க ஆசிரியருக்குத் துணை தேவை.

2006இல் மிஷ்ரா, கோலர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்தும் இதுதான்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்திலேயே நல்ல கற்பித்தல் பிறக்கிறது. நம் செயலமர்வுகள் மூன்றாவதை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பழக்குகின்றன.

தமிழ்மொழிமூல ஆசிரியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மிடமுள்ள பழைய வினாத்தாள்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால், பெற்றோரின் தொலைபேசியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசைகட்டி நிற்கும். பிடிஎப் ஆக மாற்றி அனுப்பினால், அல்லது யூனிகோடில் தட்டச்சுச் செய்தால், தொல்லை தீர்ந்தது. பத்து நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய விடயம். வேறு மொழியில் தயாரான பயிற்சித் திட்டத்தைத் தமிழாக்கி நடத்தும் இடத்தில் இந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றாது.

அடுத்தது, பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. விடியற்காலை பால்வெட்டுக்குப் போகும் தாயோடு வீட்டின் ஒரே தொலைபேசியும் றப்பர் மலைக்குப் போய்விடுகிறது. காலை எட்டு மணி சூம் வகுப்பு அந்த லயத்துப் பிள்ளைக்கு இல்லாத வகுப்பு. 2021இல் ஊவாவின் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுப் பாறை ஏறிய செய்தி உலகெங்கும் போனது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. சிக்னலையும் மின்சாரத்தையும் ஆசிரியர் பயிற்சி கொண்டுவராது என்பது சரியான வாதமே. ஆனால் நிலைமையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைப் பயிற்சி தரலாம்: காலையில் அச்சிட்ட செயலட்டை, மாலையில் சிறிய குரல் பதிவு, வாரத்தில் ஒருமுறை நேரில் திருத்தம். தோட்டத்துக்கு ஏற்ற கலப்புக் கற்றல் இதுதான்.

செலவையும் பேசியாக வேண்டும். 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நடத்திய போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை சம்பள முரண்பாட்டைத் தீர்ப்பது. அக்டோபர்வரை நீண்ட அந்தப் போராட்டம், இணையவழிக் கல்வி ஆசிரியரின் சொந்தத் தொலைபேசியிலும் சொந்த டேட்டாவிலும் நின்றதையும் வெளிச்சமாக்கியது. கருவியும் டேட்டாவும் கொடுக்காமல் திறனை மட்டும் கேட்பது நியாயமாகாது.

கொரோனா போய்விட்டதே என்று இதை ஒதுக்கவும் முடியாது. கேகாலை மலைகளில் மழை வலுத்தால் பாதை அடைபடும், பாடசாலை மூடப்படும். 2016 மே மாத அரநாயக்க மண்சரிவை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

ஆகவே வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்பது இது: அடுத்த செயலமர்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தமிழ்மொழிமூல ஆசிரிய ஆலோசகர்களின் தொடர் வருகைக்குக் கொடுங்கள். அருகருகே உள்ள மூன்று நான்கு பாடசாலைகளின் ஒரே தர ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடட்டும். ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரிக்கட்டும். அடுத்த மாதம் பிள்ளைகளின் விடைகளோடு வரட்டும். பயிற்சியின் பலனை, கொடுத்த சான்றிதழ்களின் தொகையை வைத்துக் கணக்கிடாதீர்கள். பிள்ளைகளின் கொப்பியைத் திறந்து பாருங்கள்.