பொங்கல் முடிந்த பிறகு கேளுங்கள்

மழலையர் வகுப்புகளில் பொங்கல் விழா பெரும்பாலும் விடுமுறைக்கு முந்தின நாளே முடிந்துவிடுகிறது. வேட்டியும் பட்டுப்பாவாடையும் உடுத்திய பிள்ளைகள் கரும்போடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அச்சிட்ட பானைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். மொழித்திறன் வளர்க்கும் செயல்பாடு என்று இதைச் சொல்கிறோம். ஆனால் அன்று பிள்ளை வாய்திறந்து சொன்னது மனப்பாடம் செய்த நாலு வரிதான்.

இந்த முறையே வீண் என்பதல்ல என் வாதம். நாலைந்து வயதில் மொழி கையோடும் கண்ணோடும் சேர்ந்துதான் வருகிறது. அரிசி களைவது, உலை வைப்பது, வெல்லம் தட்டிப் போடுவது, முந்திரி வறுப்பது என்று ஒரு பானையைச் சுற்றி எத்தனை வினைச்சொற்கள்! படஅட்டைகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களோடு நின்றுவிடும். ‘அரிசியைக் களைஞ்சு, பானையில போட்டு, பொங்குனதும்…’ என்று சொல்லிப் பழகும் பிள்ளை வினையெச்சங்களைக் கோத்து நீண்ட வாக்கியம் அமைக்கவும் கற்கிறது. தமிழில் கதை சொல்ல அது இல்லாமல் முடியாது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் செயல்வழிக் கற்றலை வலியுறுத்துவதும் சரியான திசைதான்.

ஆனால் விழாவில் பானையைக் கிளறுவது ஆசிரியர். பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளியென்றால் வண்ணம் தீட்டச் சொல்வதுகூடத் தமிழில் இருக்காது.

இவற்றைவிடப் பெரிய இழப்பு பள்ளி திறக்கும் நாளில் நேர்கிறது. போகி முதல் காணும் பொங்கல் வரை பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது: மாட்டுக்கொம்புக்கு வண்ணம் அடித்தது, அத்தை வீட்டுக்குப் போனது, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றே வந்தது. கேட்பவர் பார்த்திராத ஒன்றை, நடந்த வரிசை மாறாமல், புரியும்படி சொல்வது அந்த வயதுக்குக் கடினமான வேலை. பின்னாளில் வாசிக்கவும் எழுதவும் கைகொடுப்பது இந்தத் திறன்தான். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்காமல் வகுப்பில் விட்ட பாடம்தான் தொடர்கிறது.

வீட்டில் பொங்கல் வைக்காத பிள்ளையும் இந்தப் பேச்சில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்டால் அதனிடமும் ஒரு கதை உண்டு. நோன்புக்கஞ்சி, கிறிஸ்துமஸ் குடில் பற்றிய பேச்சுக்கு அந்தந்தப் பருவத்தில் இடம் கொடுக்கலாம்.

முப்பது பேரையும் ஒரே நாளில் பேசவைக்க முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. தினம் ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். விழா ஒத்திகைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள், பிள்ளை தடுமாறினால் திருத்தாமல், “அப்புறம் என்னாச்சு கண்ணு?” என்று மட்டும் கேளுங்கள்.